ஏற்றமும் இறக்கமும்: மலைநாட்டுச் சாலையில் ஒரு சிறிய கார்



பதுளை நகரிலே மாலை வேளையில் பஸ் நிலையத்துப் பக்கம் சற்று நேரம் நின்று பார்த்தால், உயரம் குறைந்த உடலும், அகன்ற சில்லுகளும், பின்புறத்தில் குவளை போன்ற பெரிய புகைக்குழாயும் கொண்ட சிறிய கார் ஒன்று உறுமிக்கொண்டு கடந்து போவதைக் காணலாம். பார்ப்பவர்களுள் முதியோர் முகம் சுளிப்பார்கள். இளைஞர்கள் அது மறையும்வரை கண்ணெடுக்கமாட்டார்கள். இன்று நான் பேசவிருப்பது அத்தகைய காரைப் பற்றித்தான். முகம் சுளிப்போரின் சார்பிலோ, கண்ணெடுக்காதோரின் சார்பிலோ பேச நான் வரவில்லை. அந்தக் காரை வாங்கியவன் அடுத்த மாதச் சம்பளத்தை எதன்மேல் செலவிடவேண்டும் என்ற சிறிய கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். சிறிய கேள்விதான், ஆனால், ஊவாவின் வளைவுகளில் அதற்கு ஓர் உயிரின் விலை உண்டு.

மேல்நாட்டார் இவ்வகை வண்டியை 'ஹொட் ஹட்ச்' என்பார்கள். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சாதாரணக் குடும்பக் காருக்கு, அதன் எடைக்கு மிஞ்சிய வலுவுள்ள இயந்திரத்தைப் பொருத்தினால் அது ஹொட் ஹட்ச். 1976ஆம் ஆண்டில் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் நிறுவனம் 110 குதிரைவலுவுடன் விற்பனைக்கு விட்ட 'கோல்ஃப் ஜீ.டீ.ஐ.' இவ்வினத்துக்குப் பெயர் தேடித் தந்தது. அதற்கும் முன்னோடி ஒன்றுண்டு. 1961ஆம் ஆண்டில் பிரித்தானியர் தங்கள் மினி காருக்குப் பெரிய இயந்திரமிட்டு 'மினி கூப்பர்' என்று பெயரிட்டார்கள். 34 குதிரைவலுவாக இருந்தது 55 ஆயிற்று. அன்று அந்தப் பொறியியலாளர்கள் இயந்திரத்தைப் பெருப்பித்ததோடு நின்றுவிடவில்லை. அதே வேளையில் முன்சில்லுகளுக்குத் தட்டு பிரேக்கும் பூட்டினார்கள். கோல்ஃப் காருக்கும் அவ்வாறே காற்றோட்டமுள்ள தட்டு பிரேக்கைப் பூட்டித்தான் வீதிக்கு விட்டார்கள். ஓடவைக்கும் வலுவைக் கூட்டியவர்கள் நிற்கவைக்கும் வலுவையும் கூடவே கூட்டினார்கள். நமது இளைஞர்கள் இந்தச் சரித்திரத்தில் முதற்பாதியை மாத்திரம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் என்பதே என் குறை.

நம் நாட்டில் இதற்கு ஒரு விசேஷ காரணமும் சேர்ந்துகொண்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் புதிய கார் அரிதாயிற்று. பழைய காருக்கோ பொன்னின் விலை. ஆகவே, பதினைந்து வயது தாண்டிய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கி, அதைப் புதியதாக்க முயல்வது பலருக்கு விளையாட்டல்ல, வேறு வழியின்மை. அப்படி வாங்கியவர்களில் ஒருவன் என் தமக்கை மகன்.

அவன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவன். தாய் கொழுந்து பறித்தவள். தகப்பனார், அதாவது என் அத்தான், தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். இப்பொழுது உயிரோடு இல்லை. பையன் படித்து, பண்டாரவளையில் ஓர் உத்தியோகம் பெற்று, மத்திய கிழக்கிலிருக்கும் தமையனின் உதவியோடு பழைய சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஒன்றை வாங்கினான். 1,600 கனசென்ரிமீற்றர் இயந்திரம். ஜப்பானியத் தொழிற்சாலைக் கணக்கில் 125 குதிரைவலு. நாள்தோறும் பசறையிலிருந்து பதுளைக்கு வந்து, ஹாலி-எல, தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறி, மாலையில் அதே வழியே திரும்புவான். தாயாரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதும் அந்தக் காரில்தான்.

ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "மாமா, வண்டி மலையில் இழுக்கமாட்டேன் என்கிறது. பெரிய சைலன்சர் ஒன்றும், திறந்த எயார் ஃபில்டர் ஒன்றும் போட்டால் பத்துக் குதிரைவலு கூடும் என்று சொல்கிறார்கள். காசு சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

நான் நெடுங்காலம் யந்திரங்களோடு பழகியவன் என்பதால் கேட்டான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெற்றோல் இயந்திரம் பெற்றோலை மட்டும் தின்று உழைப்பதில்லை, காற்றையும் தின்கிறது. மலைமேல் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறைகிறது. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட நூற்றுக்கு 6 பங்கு குறைவு. பண்டாரவளை 1,230 மீற்றர் அளவில்; அங்கே 11 பங்கு குறைவு. அப்புத்தளைக்குப் போனால் 13 பங்கு. ஆகவே, கொழும்பில் 125 குதிரைவலு காட்டும் இயந்திரம் பண்டாரவளையில் ஏறத்தாழ 110தான் காட்டும். 'வண்டி இழுக்கவில்லை' என்பதில் ஒரு பங்கு மலையின் குற்றமே தவிர வண்டியின் குற்றமல்ல. குழாயை மாற்றுவதால் காற்று அடர்த்தியாகிவிடாது. இத்தகைய இயந்திரத்தில் சைலன்சரும் வடிகட்டியும் மாத்திரம் மாற்றினால் கிடைப்பது மிகச் சொற்பம். அந்தச் சொற்பமும் இயந்திரம் உச்சச் சுழற்சியில் ஓடும்பொழுதுதான் கிடைக்கும். மலையேறும்போது நமக்கு வேண்டியதோ நடுச் சுழற்சியின் இழுவை. அளவுக்கு மிஞ்சிய அகலக் குழாயைப் பூட்டினால் அந்த இழுவை குறைந்துபோவதும் உண்டு. சத்தம் கூடுகிறது, சத்தம் கூடியதால் வேகம் கூடியதாகச் செவி நம்பிவிடுகிறது.

சத்தத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. தோட்டத்து லயங்களில் வீட்டுக்கும் சாலைக்கும் இடையே சில இடங்களில் ஒரு கான்தான் இருக்கும். விடியற்காலையில் எழுந்து மலைக்குப் போகவேண்டிய தாயும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் அந்தச் சுவருக்குப் பின்னே இருக்கிறார்கள். அந்த லயத்தில் பிறந்த பையனே நள்ளிரவில் அதே லயத்தை உலுப்பிக்கொண்டு போனால் அதை முன்னேற்றம் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. சட்டமும் ஒப்பாது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். முறையற்ற சைலன்சர்களைப் பொலிஸார் கழற்றச் சொல்வதும் நேயர்கள் அறிந்ததே.

இவ்வளவையும் கேட்டு அவன் தலையசைத்தான். ஆனால் மனம் மாறவில்லை. இளமையில் யாருக்குத்தான் மாறும்? சைலன்சருக்கு முற்பணமும் கொடுத்துவிட்டான்.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில் தாயாரை அழைத்துக்கொண்டு பதுளை வைத்தியசாலைக்கு இறங்கிக்கொண்டிருந்தான். பசறைக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட மலைப்பாதையை அறிந்தவர்களுக்கு நான் அதை வருணிக்க வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான். ஓரிடத்தில் மிதித்த கால், பஞ்சு மூட்டையை மிதித்ததுபோல அடிவரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. நல்ல வேளையாக அவனுக்குப் புத்தி கலங்கவில்லை. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, பள்ளப்பக்கம் விடாமல் மலைப்பக்கத்து மண்ணணையோடு உரசி நிறுத்தியிருக்கிறான். பக்கக் கண்ணாடி ஒன்று போயிற்று. முன் மட்கார்ட் நெளிந்தது. தாயாருக்குக் காயமில்லை. அவள் அன்று ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் என்னிடம் வந்து, "தம்பி, அவன் அப்பா ஓட்டின லொறி ஒரு நாளும் இப்படிச் செய்யவில்லையே" என்று மாத்திரம் சொன்னாள்.

வண்டியைக் கராஜில் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது காரணம் விளங்கியது. இடப்பக்க முன்சில்லின் பிரேக் பிடிப்பானை நகரவிடும் ஊசிகள், மசகு வற்றித் துருவேறி இறுகிப் போயிருந்தன. காலை எடுத்த பின்னும் அந்தச் சில்லில் பிரேக் பேட் தட்டோடு உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உரசினால் சூடு. அந்தச் சூடு பிரேக் ஒயிலைக் கொதிக்கவைத்துவிட்டது. ஒயிலோ எப்பொழுது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. தேநீரின் நிறத்தில் இருந்தது. நேயர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். 'வண்டி மலையில் இழுக்கமாட்டேன் என்கிறது' என்று அவன் சொன்ன முறைப்பாட்டுக்கும் ஒரு பாதிக் காரணம் இதுவே. ஒரு சில்லைப் பிடித்துக்கொண்டே மற்ற மூன்றும் மலையேறினால் எந்த இயந்திரம் இழுக்கும்? பெரிய சைலன்சர் பூட்டி வெல்ல நினைத்த பகைவன் அவன் காரின் சில்லுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

பிரேக் ஒயிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நமது பிரதேசத்தில் இதுவே முதற்காரியம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மையுள்ளது. மூடுபனியும் மழையும் நிறைந்த மலைநாட்டில் அதற்கு ஈரப் பஞ்சமில்லை. 'டொட் 3' என்ற சாதாரண வகை, புதியதாக இருக்கும்போது 205 பாகை சென்ரிகிரேட்டுக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்கும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட அளவு. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகிறது. 'டொட் 4' வகைக்குப் புதியதில் 230. ஈரமேறிய பின் 155. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ் உண்டாகும். ஒயில் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் விசை எல்லாம் குமிழை அமுக்குவதிலே செலவழிந்துவிட, சில்லுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

எவ்வளவு சூடு உண்டாகும் என்று கேட்கலாம். அப்புத்தளையிலிருந்து பெரகலைச் சந்தி வழியாகக் கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி கடந்து வெல்லவாயா வரை இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,200 மீற்றர் இறக்கம். நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய சிறிய கார் 1,400 கிலோகிராம் இருக்கும். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் அதே வண்டியை எண்பது தடவைக்கு மேல் முழுதாக நிறுத்துவதற்குச் சமம். ஒரு பங்கைக் காற்றும் தரையும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யார் வாங்குவது? இயந்திரம் வாங்கவேண்டும், அல்லது பிரேக் வாங்கவேண்டும். மூன்றாவது ஆள் இல்லை.

இயந்திரம் வாங்கவேண்டுமானால் கியரில் இறங்கவேண்டும். என் அத்தான் சொல்லுவார்: ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்கவேண்டும் என்று. அது லொறிக்காரர்களின் பழைய பாடம். இப்பொழுதோ நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்கினால் பெற்றோல் மிச்சம் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்தக் காலத்தில் இது வலுப்பெற்றது என்று எண்ணுகிறேன். நம்பிக்கை தவறானது. இக்காலத்து இயந்திரங்களில் கியரில் இருக்க, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெற்றோல் பாய்ச்சுவதே நின்றுவிடும். சில்லுகளே இயந்திரத்தைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால் இயந்திரம் அணையாமலிருப்பதற்காகப் பெற்றோல் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே நியூட்ரலில் இறங்குபவன் பிரேக்கையும் இழக்கிறான், பெற்றோலையும் இழக்கிறான்.

இந்தப் பாதைகள் மன்னிப்பதில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி பசறை 13ஆம் கட்டையடியில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்ததையும், 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாயா வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் வீழ்ந்ததையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவற்றின் காரணங்களை ஆராய்வது என் வேலையல்ல. அந்தப் பாதைகளில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை நினைவூட்டவே சொன்னேன்.

நாங்கள் என்ன செய்தோம்? பிடிப்பான்களை நான்கு சில்லுகளிலும் கழற்றி, ஊசிகளைத் துருநீக்கி, அதற்குரிய மசகு இட்டு, கிழிந்த இரப்பர் உறைகளை மாற்றினோம். பழைய ஒயில் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிய 'டொட் 4' ஒயில் விட்டோம். இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதாக ஏற்பாடு. பேட்களையும் நல்ல தரத்தில் புதிதாகப் பூட்டினோம். பந்தயக் காருக்குரிய பேட் வாங்கலாமா என்று பையன் கேட்டான். கராஜ் பாஸ் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். பந்தய பேட் சூடேறிய பின்தான் பிடிக்கும். பண்டாரவளையின் குளிர்ந்த காலையில், வீட்டு வாசலில் குழந்தை குறுக்கே ஓடினால், அது முதல் மிதியில் பிடிக்காது. நாளாந்தம் ஓடும் காருக்கு நாளாந்த பேட்தான் வேண்டும். அதில் தரமானது வேண்டும், அவ்வளவே.

அடுத்தது டயர். சேமித்த பணம் ஒன்றுக்கு மாத்திரம் போதுமென்றால், பிரேக் ஒயிலுக்குப் பின் எல்லாவற்றையும் டயருக்கே செலவிடுங்கள் என்பேன். வண்டியைப் பூமியோடு பிணைப்பது உள்ளங்கை அகலமுள்ள நான்கு இரப்பர்த் துண்டுகள் மாத்திரமே. ஊவாவின் பருவம் விசித்திரமானது. ஆடி ஆவணியில் மலைக்கு அப்பாலிருந்து வறண்ட காற்று வீசும். அந்தக் காற்றினால்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் வாசனை ஏறுகிறது. அதே மாதங்களில் சாலையிலே தூசியும் எண்ணெயும் படிந்து கிடக்கும். பிறகு ஐப்பசி மழை தொடங்கும். முதல் மழையில் அந்தப் படிவு சவர்க்காரமாகிவிடும். டயரின் பள்ளம் தேய்ந்திருந்தாலும், பள்ளமிருந்தும் இரப்பர் வயதேறி இறுகியிருந்தாலும், அன்று அது பிடிக்காது. டயரின் பக்கத்திலே நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. '2319' என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நம் பையனின் காரில் இருந்த டயர்களில் இரண்டு பத்து வயதுக்கு மேற்பட்டவை! பார்வைக்குப் புதியனபோல மினுமினுத்தன. கறுப்புப் பூச்சு செய்த வேலை அது.

பெரிய சில்லு பூட்டும் மோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 17 அங்குலச் சில்லு கண்ணுக்கு அழகு. ஆனால் சில்லு பெரிதாகும் அளவுக்கு டயரின் பக்கச்சுவர் மெலியும். தோட்டச் சாலைகளில் கல் பெயர்ந்த குழிகளும் குறுக்கே வெட்டிய கான்களும் எத்தனை! மெலிந்த டயர் ஒரு குழியில் மோதினால் சில்லே வெடிக்கும். நான் எதிர்த்திசையை யோசிக்கச் சொன்னேன். அந்தக் காருக்குரியது 195/50 அளவில் 16 அங்குல டயர். அதற்குப் பதிலாக 185/60 அளவில் 15 அங்குல டயர் பூட்டினால் வெளிவிட்டம் ஏறத்தாழ ஒன்றே. இரண்டு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். வேகமானி பொய் சொல்லாது. பக்கச்சுவரோ 97 மில்லிமீற்றரிலிருந்து 111 ஆகத் தடிக்கும். பிரேக் பிடிப்பானுக்கு உள்ளே இடமிருக்கிறதா என்று சில்லை ஒருமுறை மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டே வாங்கவேண்டும். பையனுக்கு இந்த யோசனை சிறிதும் பிடிக்கவில்லை. சில்லு சிறுத்தால் மானம் போய்விடும் என்றான். சரி, 16 அங்குலத்திலேயே நல்ல டயர் போடு என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் மாமன் வெல்லக்கூடாதல்லவா?

வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் வேண்டாம் என்பதில் மாத்திரம் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தளர்ந்துபோன ஷொக் அப்சோபர்களை மாற்றினோம். பழைய காரின் ஷொக் அப்சோபர் ஒரே நாளில் கெடுவதில்லை. மாதம் மாதமாகத் தளர்வதால் ஓட்டுபவனுக்குத் தெரிவதில்லை. புதியது பூட்டிய அன்று, தெமோதரை வளைவுகளில் வண்டி தரையைவிட்டு எழும்பாமல் போனதைக் கண்டு, இயந்திரத்தையே மாற்றிவிட்டார்களோ என்று அவன் கேட்டான். வளைவில் நம்பிக்கை கூடினால் வண்டிக்கு வலு கூடியதுபோலத் தோன்றும். அது வீண் தோற்றமுமல்ல.

இப்பொழுதுதான் இயந்திரத்துக்கு வருகிறேன். புதிய பிளக், தொழிற்சாலை அளவிலேயே நல்ல எயார் ஃபில்டர், உரிய தரத்து இயந்திர எண்ணெய், நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கம் சமமாக இருக்கிறதா என்ற பரிசோதனை. இவை முடிந்தால் பழைய கார் இழந்த வலுவில் பெரும்பகுதி திரும்பிவிடும். பெற்றோலிலும் கவனம் வேண்டும். இந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் ஜப்பானிய உயர்தரப் பெற்றோலுக்கென்று செய்யப்பட்டது. அந்நாட்டு நியமப்படி உயர்தரம் என்பது ஒக்டேன் 96க்குக் குறையாதது. நம் நாட்டில் பொதுவாகக் கிடைப்பவை 92உம் 95உம். ஆகவே 92ஐ நிரப்பிக்கொண்டு வலு போதவில்லை என்பது பாதிப் பட்டினி கிடந்துகொண்டு பாரம் தூக்குவது போலாகும். 92 போட்டாலும் வண்டி ஓடும். ஆனால், இயந்திரத்துக்குள் தட்டுச் சத்தம் எழாதிருக்க அதன் கணினி பொறியை நேரம் தாழ்த்தும். தாழ்த்திய அளவுக்கு இழுவை குறையும்.

அந்தக் கணினியின் அட்டவணையையே மாற்றி எழுதும் 'ரீமெப்' வித்தை ஒன்றுண்டு. அதைப் பற்றி நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். டர்போ இல்லாத இயந்திரத்தில் அதனால் கிடைப்பது கொடுக்கும் பணத்துக்குப் போதாது. டர்போ உள்ளதில், உதாரணமாக 1,400 கனசென்ரிமீற்றர் இயந்திரம் கொண்ட பிந்திய ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில், பலன் மெய்யாகவே பெரிது. ஆயினும் மலையில் ஒரு சங்கடம் உண்டு. காற்று மெலிந்த இடத்தில் அதே அமுக்கத்தைத் தருவதற்கு டர்போ ஏற்கெனவே கூடுதலாகச் சுழல்கிறது. அதன்மேல் இன்னும் சுமத்தினால், உற்பத்தியாளர் ஒதுக்கிவைத்த பாதுகாப்பு எல்லையைத்தான் தின்கிறோம். அதுவும் வெளிநாட்டில் 98 ஒக்டேன் பெற்றோலுக்கென்று எழுதிய அட்டவணையை இறக்கி இங்கே 95 நிரப்பி ஓட்டுவது, என் அபிப்பிராயத்தில், பிஸ்டனுக்கு நாள் குறிப்பது. கட்டாயம் செய்யவேண்டுமென்றால், நம் பெற்றோலுக்கே மென்மையாக எழுதித் தருபவரிடம் செய்யவேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் செய்த மாற்றம் விபத்துநாளில் வெளிப்படும்.

வேகத்தில் ஆசை வைப்பது குற்றமா என்று ஓர் இளைஞர் என்னைக் கேட்டதுண்டு. குற்றமல்ல. மோட்டார்ப் பந்தயம் ஊவாவுக்குப் புதியதுமல்ல. தியத்தலாவையில் இராணுவக் கல்லூரியினர் நடத்திய 'ஃபொக்ஸ் ஹில்' பந்தயத்தைக் காண நாடு முழுவதிலுமிருந்து சனங்கள் திரண்டார்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி அது மீண்டும் நடந்தபோது, கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்மேல் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. வேகத்துக்கென்று ஒதுக்கிய மைதானத்திலே, தேர்ந்த சாரதிகளின் கையிலே நடந்தது அது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நடந்துபோகும் ஹாலி-எல வீதி பந்தய மைதானமல்ல.

என் தமக்கை மகனின் கதை இன்னும் முடியவில்லை. சைலன்சருக்குக் கொடுத்த முற்பணத்தில் பாதியைத்தான் திருப்பி வாங்க முடிந்தது. அந்தப் பணம் ஷொக் அப்சோபரில் சேர்ந்தது. மண்ணணையில் நெளிந்த மட்கார்ட்டை மாத்திரம் அவன் இன்னும் திருத்தவில்லை. கேட்டால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறான். வண்டி இப்பொழுது மலையில் இழுக்கிறது. கொழும்பில் இழுப்பதுபோல அல்ல. பண்டாரவளைக் காற்று எவ்வளவுக்கு இடங்கொடுக்குமோ அவ்வளவுக்கு.

சென்ற வாரம் பதுளையில் அவனைக் கண்டேன். தாயாரை இறக்கிவிட்டு, காரைச் சுற்றி வந்து, நான்கு சில்லுகளின் அருகிலும் குனிந்து புறங்கையை நீட்டிப் பார்த்தான். எந்தச் சில்லாவது மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பது. நான் அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "எங்கே படித்தாய்?" என்று கேட்டேன்.

"அப்பா செய்வார் மாமா. ஸ்டோரில் கொழுந்து இறக்கும்போது லொறியைச் சுற்றி இப்படித்தான் வருவார். அப்பொழுது எனக்கு ஆறு வயது. சில்லுக்கு ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

பிறகு, அந்த 15 அங்குலச் சில்லின் விலை என்னவென்று விசாரித்துச் சொல்லமுடியுமா என்றும் கேட்டான். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.